திரும்பி வருவாய் என்பதற்கு ஜாமீன்

இன்று காலை எழுந்ததும், வாசல் தெளிக்கக்கூடப் போகாமல், முதல் காரியமாக உன் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மடிக்கக் கூடாது, பெட்டிக்குள் வைக்கக் கூடாது, இறங்குகிற இடத்தில் கேட்டால் காட்டுவதற்குக் கையிலேயே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, அதனால் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வெளுப்பாக விலா எலும்புகள், நடுவில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த ஒரு நிழல். உனக்குக் கக்குவான் வந்தபோது அந்தக் கூடு ஏறி இறங்குவதைக் கையை வைத்தே அளந்தவள் நான். இப்போது வேறொரு தேசத்துச் சர்க்கார் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கேட்கிறது. நீ இன்னும் எழுந்திருக்கவில்லை. உன் அப்பா பால் வாங்கப் போயிருந்தார். படத்தைக் கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் வைக்கப்போவதில்லை. வியாழக்கிழமை உன்னை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு தபாலில் சேர்ப்பேன். இதில் உள்ளதை நேரில் சொன்னால் நீ மறுப்பாய், இல்லாவிட்டால் அம்மா சொல்கிறாளே என்று தலையாட்டுவாய். இரண்டும் எனக்கு வேண்டாம். நீ தனியாக ஓர் அறையில், பக்கத்தில் யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் படிக்க வேண்டும்.

இந்த ஒரு வருஷமாக நம் வீட்டில் புழங்கிய வார்த்தைகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. உன் அப்பா கடலூரில் கலெக்டர் ஆபீஸிலிருந்து ரயில் பிடித்து வீடு வந்து சேர்ந்ததும், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பது, "ஐ-ட்வென்ட்டி வந்துச்சா?" கீழ வீதியில் காய்கறிக் கூடை கொண்டுவரும் அம்மாள் இதைத் தினமும் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு ஐட்வெண்டி வந்துடுச்சாமே, இப்ப தேவலையாம்மா?" என்று விசாரித்தாள். உன்னைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பல்கலைக்கழகம் சம்மதித்து அனுப்புகிற தாள் அது, காய்ச்சல் இல்லை என்று விளக்கினேன். "நல்லதுக்குத்தான் வந்திருக்கா, அப்பச் சரி" என்று கூடையை இறக்கினாள்.

அமெரிக்கத் தூதரக அலுவலகத்திலிருந்து வந்த சிறு புத்தகத்தைப் படித்துச் சொல்கிற வேலை என்னிடம் வந்தது உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பொறுமை இல்லை, அப்பாவுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. நான் பி.ஏ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் படிப்பை நம் வீட்டில் ஒரு காரியத்துக்கு வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சமையல் முடிந்து மத்தியானம் அகராதியோடு உட்கார்வேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு மனிதர் கேள்வியோடு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். குடியேற வருகிறவன், குடியேறாமல் வந்து போகிறவன் என்று அவர்கள் முதலில் மனிதர்களை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நீ இரண்டாவது வகை. அதற்குள் சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு ஓர் எழுத்து, வியாபாரத்துக்கு வருகிறவனுக்கு ஓர் எழுத்து. மாணவனுக்கு எஃப். பரிமாற்றத் திட்டத்தில் போகிறவனுக்கு ஜே. அந்த எழுத்தில் போனால் படிப்பு முடிந்து இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தே ஆக வேண்டும். உன் சிநேகிதன் அதில் போனான். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் எஃப் எழுத்துக்கும் ஒரு வரி உண்டு. தன் நாட்டில் தனக்கு ஒரு வீடு இருக்கிறது, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரும்படி நீ காட்ட வேண்டும். அந்த ஒரு வரியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்றைக்கு உன் மாமா வந்திருந்தார். கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக அவர் பார்க்காத கட்சிக்காரன் இல்லை. நான் அந்த வரியைப் படித்துத் தமிழில் சொல்லி முடித்ததும் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கா இவ்ளோ பொஸ்தகம்? இது ஜாமீன் கேக்குறது, மாப்ள. ஆளை வெளிய விடுறான், திரும்பி வருவான்னு யாரு கேரண்டி? எந்த சர்க்காரா இருந்தா என்னா, ஜாமீன் இல்லாம ஆளை விட மாட்டான்."

"ஜாமீனுக்கு நாந்தான் இருக்கேனே, மச்சான்" என்றார் அப்பா.

"நீங்க அப்பா. அப்பன் ஜாமீனை எவன் மதிக்கிறான்? பையன் ஓடிட்டா அப்பன் அழுதுகினு உக்காந்திருப்பான், அவ்ளோதான். பொண்டாட்டி கைல இருந்தா வருவான். கல்யாணம் பண்ணி அனுப்ப இப்ப நேரமில்ல. நிச்சயம் பண்ணிடுவோம். நம்ம வளரு இருக்குல்ல?"

உன் மாமாவுக்கு உன் மேல் உயிர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் மகள் வளர்மதி உனக்கு முறைப்பெண், வீட்டுப் பெண், இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது நடக்கப்போவதுதானே என்கிற நினைப்பு. "அண்ணே, இதுல பொண்ணைப் பத்தி ஒண்ணும் எழுதல. வீடு வாசல் இருக்கா, வர்ற எண்ணம் இருக்கான்னுதான் கேக்கறாங்க" என்று நான் சொன்னேன். "எண்ணத்தை எங்கம்மா கொண்டாந்து காட்டுவ? கோர்ட்டுல எண்ணத்தைக் காட்ட முடியுமா? சாட்சியைத்தான் காட்டலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. உன்னை இந்த ஊரோடு கட்டிவைக்க ஒரு கயிறு இருந்தால் நல்லதுதானே என்று எனக்கும் ஒரு மூலையில் இருந்தது.

ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் ஒன்றும் ஆகாது. ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் நிலைக்கு வந்த கையோடு எல்லாரும் கடலூருக்குப் போனோம். தட்டு மாற்றிக்கொண்டோம். மாமா போட்டோக்காரரை வரவழைத்து உங்கள் இருவரையும் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படம் எடுத்தார். "நல்லா தெரியற மாதிரி எடுப்பா, தொரை பாக்கணும்" என்று அவரை விரட்டினார். வளர்மதி அந்தப் படத்தில் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ பார்வையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டிருக்கிறாய்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. வளர்மதி பி.யு.சி.யில் முதல் வகுப்பு. கணக்குப் பாடத்தில் பி.எஸ்ஸி. சேர இங்கே சிதம்பரத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நம் வீட்டில் தங்கிப் படிப்பது என்று தை மாதமே பேசி முடித்ததுதான். அத்தை வீடுதானே. தட்டு மாற்றிய மறுநாள் மாமா சொல்லிவிட்டார், "நிச்சயம் ஆன பொண்ணு கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை வீட்டுல போயி தங்குறதா? ஊர்ல என்னா பேசுவாங்க?"

"மாப்பிள்ளையே அமெரிக்காவுலதான இருக்கப்போறான், அண்ணே!"

"அவன் எங்க இருந்தா என்னா? வீடு மாப்பிள்ளை வீடுதான?"

தினமும் ரயிலில் வந்து போகட்டும் என்றேன். நிச்சயமான பெண் தனியாக ரயிலில் போவதா என்றார். விடுதியில் தங்கட்டும் என்றேன். அத்தை வீடு உள்ளூரிலேயே இருக்கும்போது விடுதியில் போட்டால் இரண்டு குடும்பத்துக்கும் ஏதோ சண்டை என்று பேசுவார்கள் என்றார். சுற்றிச் சுற்றி எல்லா வழியும் அடைந்தது. அவளுக்கு வந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அத்தை வீடு ஒரே நாளில் அவள் நுழையக் கூடாத வீடாக மாறிப்போனது.

இனி உன் விசா நேர்காணல். சென்னையிலிருந்து திரும்பி வந்து நீ கூடத்தில் உட்கார்ந்து சொன்னாய், நான் தண்ணீர்ச் செம்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்ததும் என்ன செய்வாய் என்று அந்த அதிகாரி கேட்டாராம். நம் மாவட்டத்தில் நிலக்கரி வெட்டுகிற இடத்தில் பூமிக்கு அடியிலிருந்து தண்ணீர் எப்படிப் பொங்கிக்கொண்டு வருகிறது, அதை இறைத்தால்தான் வெட்ட முடியும், ஒரே பக்கம் இறைத்தால் மறுபக்கம் வயல் கிணறுகள் என்னவாகும், அதைப் படிக்கத்தான் போகிறேன் என்று நீ ஆரம்பித்தாயாம். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாராம். நடுவில் இரண்டு கேள்வி கேட்டாராம். அவ்வளவுதான்.

"போட்டோவைப் பாத்தாரா?" என்றார் மாமா.

"கேக்கவே இல்ல, மாமா."

"நீ காட்டுனியா?"

"இல்ல. பையிலயேதான் இருந்துச்சு."

மாமா தொடையைத் தட்டி, "பையில இருந்ததாலதான் உனக்கு தெகிரியமா பேச்சு வந்துச்சு!" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. கேட்கப்படாத ஜாமீனை நாம் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறோம் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நீ திரும்பி வருவாய் என்று அந்த அதிகாரி நம்பியது நீ சொன்ன தண்ணீரை வைத்து.

பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வந்த அன்று அப்பா செய்த கலவரத்தை உனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. அதிலிருந்த தேதியைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, படிப்பு வருஷக் கணக்குல, விசா மாசக் கணக்குல குடுத்திருக்கான்! பாதிப் படிப்புல புடிச்சி அனுப்பிடுவானே!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு சென்னைக்கே கிளம்பிவிட்டார். நான் புத்தகத்தைக் காட்டி அவரை உட்காரவைத்தேன். அதையே உனக்கும் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அன்று பாதிதான் கேட்டாய். விசா என்பது அவர்கள் வாசலில் போய் நின்று கேட்பதற்கான அனுமதி. அந்தத் தேதிக்குள் நீ வாசலுக்குப் போய்விட வேண்டும். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே இறங்கியதும் உன்னைப் பார்க்கிற அதிகாரி ஒரு சின்னத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டில் இணைத்துத் தருவார். அந்தத் தாளின் தேதிதான் உன் தேதி. அதைத் தொலைக்காதே. அந்தத் தேதி முடிவதற்கு முன்பே நீட்டிக்கச் சொல்லி மனுப் போடு. முடிந்த பிறகு போய் நின்று கெஞ்சுகிற பழக்கம் உனக்கு உண்டு, பள்ளிக்கூடத்துச் சம்பளம் கட்டுகிற நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே தபாலாபீஸில் ஒரு தாள் வாங்கி, உன் விலாசத்தைச் சர்க்காருக்கு எழுதித் தர வேண்டும். வீடு மாறாவிட்டாலும் தர வேண்டும். அதே நாளில் எனக்கும் ஒரு வரி எழுதிவிடு.

இன்னொரு வார்த்தை ஸ்டேட்டஸ். நம் ஊரில் பெரிய மனுஷத்தனத்துக்குச் சொல்வோமே, அதில்லை. எந்தக் காரணத்தைச் சொல்லி உள்ளே போனாயோ, அந்தக் காரணமாகவே இருந்துகொண்டிருப்பது. மாணவன் என்று சொல்லிப் போனால் மாணவனாக இருக்க வேண்டும். முழுப் பாடமும் எடுத்துப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குள் உனக்குக் கொடுத்த வேலையைச் செய்யலாம். வெளியே யாராவது கூப்பிட்டு ஓட்டலில் தட்டுக் கழுவினால் கை நிறையக் கிடைக்கும் என்றால், அனுமதி வாங்காமல் போகாதே. கஷ்டமாக இருந்தால் எனக்கு எழுது. உன் அப்பாவுக்கு எழுதாதே, அவர் செருப்பை மாட்டிக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் உனக்கு விருந்து வைத்தார்கள் அல்லவா? நீங்களெல்லாம் வஞ்சிரம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தீர்கள். நானும் வளர்மதியும் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"அவுங்களுக்கு அங்க எறங்குன ஒடனே தேதி போட்டுக் குடுப்பாங்கன்னு சொன்னீங்களே, எனக்கு யாரு போடுவாங்க?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவைக் கேட்டா வருவான் வருவான்றாரு. எப்பன்னு கேட்டா அடக்கமா இருன்றாரு. நான் வேணான்னு சொல்லல அத்தை. வேணும்னும் யாரும் என்னைக் கேக்கல. அவுங்க அங்க மாணவரா இருப்பாங்க. அது வரைக்கும் நான் இங்க என்னாவா இருக்கறது?"

புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். கல்யாணமாகிப் போனால் மனைவிக்கும் அதே எஃப் எழுத்துதான், புருஷனைச் சார்ந்திருப்பவள் என்று போகலாம் என்றேன்.

"அங்க நான் வேலைக்குப் போலாமா?"

"கூடாது."

"படிக்கலாமா?"

"படிக்கலாம்னுதான் நெனைக்கிறேன்."

"அதத்தான சிதம்பரத்துலயே படிக்கிறேன்னு சொன்னேன்! இதுக்குக் கப்பல் ஏறணுமா?" என்று அவள்தான் சிரித்தாள். அவளுடைய அப்பாவின் சிரிப்பு அப்படியே. சிரித்து முடித்ததும் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சார்ந்திருப்பவள் என்கிற வார்த்தையை நான் அகராதியில் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. உன் அப்பா நல்லவர். ஒரு நாளும் என்னை மனம் நோகப் பேசியதில்லை. ஆனாலும் பி.ஏ. முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போக இருந்த பெண்ணை, தை பிறந்ததும் முகூர்த்தம் என்று சொல்லி நிறுத்தினார்கள். நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு பார்க்கலாம் என்றார்கள். நீ பிறந்தாய், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. உன்னை எந்தப் பட்டத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் கிணற்றடியில் அந்தப் பெண் கேட்டபோது, பிறகு பார்க்கலாம் என்ற அந்தப் பழைய குரல்கள் என் வாயிலிருந்து வர இருந்தன. நல்ல வேளை, வாயை மூடிக்கொண்டேன்.

உன்னை நான் குற்றம் சொல்லவில்லை, கண்ணு. ஊருக்குத் திரும்புகிற ரயிலில் நீ என்னிடம் மெதுவாகச் சொன்னாய், "வளரு நல்ல பொண்ணும்மா. ஆனா" என்று. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. உனக்கே இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வயதில் தெரிய வேண்டியதும் இல்லை. அங்கே புதுச் சட்டம் வந்த பிறகு, படித்து முடித்தவர்கள் விரும்பினால் குடியேறுகிறவர்களாக மாற மனுச் செய்யலாம் என்று நூல்நிலையத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். நீ அந்தத் தண்ணீருக்காகத் திரும்பி வரலாம். வராமலும் இருக்கலாம். நீ வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை எழுதினால் இந்தக் காகிதம் போதாது. ஆனால் அந்த ஆசைக்கு ஈடாக இன்னொருத்தி மகளைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உனக்கு அவள் வேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால், அவளுக்கே எழுதிக் கேள். மாமாவுக்கு எழுதாதே, எனக்கும் எழுதாதே. அவள் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதை உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உன்னை அனுப்பிவிட்டு வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, காலைப் பாசஞ்சரில் போய்க் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போகப்போகிறேன். நிச்சயத்தன்று நாம் வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். தட்டைத் திருப்புவது என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். வெளியே போ என்பார். பொங்கலுக்கு வரிசை கொண்டு வர மாட்டார். என்னோடு பேசுவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியவில்லை. பேசாமலே போனாலும் போகலாம். அவர் கத்தி முடிக்கும் வரை நின்று கேட்டுக்கொள்வேன். பிறகு, இது மாப்பிள்ளை வீடு இல்லை, மறுபடியும் அவளுடைய அத்தை வீடுதான் என்று சொல்வேன். அவள் வர விரும்பினால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வருவேன், அன்றைக்கு விடாவிட்டால் விடுகிற வரை போய்க்கொண்டிருப்பேன். இந்த வருஷத்து இடம் போய்விட்டது, அடுத்த வருஷம் இருக்கிறது. அது வரைக்கும் உன் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். உன் அறையை அவளுக்குக் கொடுக்கப்போகிறேன்.